நட்டவர்களுக்குச் சொன்ன சேதி

நான் பெருமைக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிப்பவர்கள் பாதியில் கண்டுபிடித்துச் சங்கடப்பட வேண்டாம். குடவாசலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், நிலமே இல்லாத தெருவில் பிறந்தவள். என் அம்மா அந்த ஊரில் எல்லார் வயலிலும் நட்டாள். எங்களுக்கென்று ஒரு கீரைப் பாத்தி மண்கூடக் கிடையாது. அந்த வீட்டிலிருந்து அரசு விடுதியில் தங்கிப் படித்து, ஆசிரியையாகி, தலைமையாசிரியையாகி, ஓய்வு பெற்ற கையோடு அதே ஊரில் ஆறு மா நிலம் வாங்கினேன். எங்கள் பக்கத்துக் கணக்கில் ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர். பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது என் கை நடுங்கியது என்று வீட்டுக்காரர் இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். கை நடுங்கவில்லை. பேனாவில் மை வரவில்லை, உதறினேன், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எனக்கு 'நன்றி டீச்சர்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அதற்கும் காரணம் உண்டு. காலை வழிபாட்டில் குறள் சொல்லி முடித்ததும் தினமும் ஒரு பிள்ளை முன்னால் வந்து யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும். வெறுமனே நன்றி என்றால் விடமாட்டேன். எதற்கு என்று சொல்ல வேண்டும். ஒரு நாள் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "நேத்து சாம்பார்ல எனக்கு மட்டும் ரெண்டு முருங்கக்கா போட்டதுக்கு சத்துணவு ஆயாவுக்கு நன்றி" என்றாள். சமையலறை வாசலில் நின்றிருந்த ஆயா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எத்தனையோ அதிகாரிகள் வந்து பாராட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு அந்த முருங்கைக்காய்தான் நினைவில் இருக்கிறது.

இந்தப் பழக்கத்தை நான் ஏன் அவ்வளவு பிடிவாதமாக வைத்திருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். சிறு வயதில் நன்றி என்ற சொல்லை நான் ஒரே ஓர் இடத்தில்தான் கேட்டிருக்கிறேன். காய்ச்சல் என்று அம்மா ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால், மறுநாள் வயல்காரர் வரப்பில் நின்றுகொண்டு, "நன்றி கெட்ட ஜென்மங்க" என்பார். அம்மா இடுப்பை நிமிர்த்தாமல் நட்டுக்கொண்டே இருப்பாள். அவர் வயலை நட்டுக் கொடுத்தவள் அம்மா, நன்றி கேட்டவர் அவர். இது என்ன நியாயம் என்று பத்து வயதிலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கென்று ஒரு காலம் வந்தால் நன்றியை நான்தான் சொல்வேன், வேலை செய்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும் என்று அப்போதே முடிவு செய்திருந்தேன்.

ஆகவே என் சொந்த வயலில் முதல் சம்பா நடவு என்றதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நடவுக்கு ஆள் கூட்டி வந்தவள் வேறு யாருமில்லை, ஐந்தாம் வகுப்புவரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். எனக்கு வகுத்தல் கணக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். அதற்குப் பிறகு நான் விடுதிக்குப் போனேன், அவள் வயலுக்குப் போனாள். அதற்குக் காரணம் எங்கள் மூளை இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இப்போது எங்கள் தெருவில் தன்னோடு பன்னிரண்டு பேராகப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு சுற்றுவட்டாரம் முழுக்க நடவு செய்கிறாள். ஊருக்கு முன்னால் என்னை டீச்சர் என்பாள். நான் அவளை எப்போதும்போல வாடி போடி என்பேன்.

முதல் நாள் காலை ஏழு மணிக்கெல்லாம் இறங்கிவிட்டார்கள். நானும் வரப்பில் நின்றேன். சும்மா நிற்க வேண்டியதுதானே? ஒரு குச்சியை ஒடித்து வைத்துக்கொண்டு, ஒரு குத்து நாற்றுக்கும் அடுத்த குத்துக்கும் இடைவெளி சரியாக இருக்கிறதா என்று அளந்தேன். "இது கொஞ்சம் தள்ளிப் போச்சு", "அங்க நாத்து நாலா இருக்கு, மூணு போதும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நாற்பது பிள்ளைகளின் கையெழுத்து நோட்டைத் திருத்தியவளுக்கு வாய் சும்மா இருக்குமா? அவர்கள் குனிந்தபடியே பின்னால் நகர்ந்துகொண்டே நட்டார்கள். சாயங்காலம் மூன்றரை மணிக்குப் பாதி வயல், அதாவது மூன்று மா, முடிந்திருந்தது. மீதி மூன்று மாவுக்கு நாற்றைப் பறித்து முடி முடியாகக் கட்டி, வயலிலேயே போட்டு வைத்திருந்தார்கள்.

அவர்கள் கரையேறிக் கைகால் கழுவியதும் நான் என் ஏற்பாட்டைத் தொடங்கினேன். முந்தின நாளே குடவாசலுக்குப் போய் எல்லாம் வாங்கி வைத்திருந்தேன். பன்னிரண்டு பேருக்கும் தனித்தனியாக வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மஞ்சள், குங்குமம், ஆளுக்கொரு ஜாக்கெட் துணி. பெரிய எவர்சில்வர் தட்டில் வைத்து ஒவ்வொருவருக்கும் நீட்டினேன். ஒரு சின்ன உரையும் நிகழ்த்தினேன். என் அம்மா உங்களைப் போல நட்டவள், அவளுக்கு யாரும் செய்யாததை நான் செய்கிறேன், உங்கள் கைகளுக்கு நன்றி என்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நெகிழ்ந்துபோய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"சரிங்க டீச்சர்" என்றாள் என் தோழி. எல்லாரும் போனார்கள்.

மறுநாள் ஏழு மணிக்கு யாரும் வரவில்லை. எட்டு மணிக்கும் வரவில்லை. போன் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வயலில் நாற்று முடிகள் கேட்பாரற்றுக் கிடந்தன. பறித்த நாற்று ஒரு நாள் தாங்கும், தண்ணீரில் நின்றால் இரண்டு நாள். அதற்குமேல் மஞ்சளாகிப் பழுத்துப்போகும். நாற்றங்காலில் இனி நாற்றும் கிடையாது. என் முதல் வெள்ளாமையில் பாதி வயல் தரிசாகக் கிடக்கப்போகிறது. நிலமில்லாத தெருவிலிருந்து வந்தவளுக்கு விவசாயம் எங்கே வரப்போகிறது என்று ஊர் பேசும். அந்தப் பேச்சை வாங்கவா ஆறு மா வாங்கினேன்?

வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், தஞ்சாவூர் டவுனில் பிறந்து வளர்ந்தவர். வயல் சங்கதி என்னைவிட அவருக்குக் குறைவு. ஃபிளாஸ்கில் டீ கொண்டுவந்தவர், காலி வயலைப் பார்த்துவிட்டு, "என்ன, ட்ரிப் கேன்சலா?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "எவ்ளோ மரியாத பண்ணுனேன்! தட்டு வச்சு, துணி வச்சுக் குடுத்தேன். நன்றி கெட்ட ஜென்மங்க!" என்று கத்தினேன்.

கத்தி முடித்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது. அதே சொல், அதே வரப்பு உயரம், அதே குரல்கூட. வீட்டுக்காரர் டீயை ஊற்றாமல் ஃபிளாஸ்கை மூடினார். அவருக்கு என் அம்மா கதை தெரியும். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நாற்று போனால் போகட்டும், நான் அந்த வரப்புக்காரராக ஆகிவிட்டேனா என்று பயம் வந்துவிட்டது. வண்டிச் சாவியை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு கிளம்பினேன்.

தெருவில் விசாரித்துக்கொண்டு போனால், அவர்கள் கும்பகோணம் சாலைப் பக்கம் வேறொருவர் வயலில் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்கூட்டியை ஓரம் கட்டிவிட்டு வரப்போடு நடந்தேன். தோழி என்னைப் பார்த்தாள், ஆனால் நிமிரவில்லை.

"ஏன்டி வரல?"

"அதான் தட்டு குடுத்துட்டீங்களே, டீச்சர்."

"குடுத்தா?"

இப்போது நிமிர்ந்தாள். "நடவு முடியிற அன்னிக்குத்தானே கரையில வெத்தலத் தட்டு வைப்பாங்க? பாதி வயலு அப்படியே கெடக்கும்போது தட்ட நீட்டுனா என்னன்னு நெனைக்கிறது? காலையிலேர்ந்து குச்சிய வச்சு அளந்தீங்க. சரி, நம்ம நடவு டீச்சருக்குப் புடிக்கல, மரியாதையா அனுப்பிட்டாங்கன்னு வந்துட்டோம். எங்களுக்கும் ரோஷம் இருக்குல்ல?"

பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த ஒருத்தி, "ஆனா ஜாக்கெட் துணி நல்லாருந்துச்சுங்க" என்றாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நடவுக்காரியின் மகள் நான். பதினோரு வயதில் விடுதிக்குப் போனவளுக்குக் கரைத் தட்டு எந்த நாளில் வரும் என்பது தெரியாமல் போயிருக்கிறது. தெரியாததைக்கூட ஒரு வார்த்தை கேட்காமல் செய்திருக்கிறேன், தெரிந்தவள் மாதிரி.

"நான் நன்றிக்குத்தான்டி குடுத்தேன்" என்றேன்.

"நன்றியா? நாங்க இன்னும் ஒண்ணுமே முடிக்கலயே!"

அவள் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவளுக்குப் புரியவில்லை. "தப்பு என்னுதுதான். குச்சிய ஒடிச்சுப் போட்டுட்டேன். நாத்து கெடக்கு, வந்து நட்டுக் குடு" என்றேன். ஒடித்துப் போடவில்லை, ஆனால் திரும்பிப் போனதும் போட்டுவிட்டேன்.

அவள் வெயிலைப் பார்த்தாள், மீதி வயலைப் பார்த்தாள். "இங்க ஒத்துக்கிட்டு எறங்கிட்டோம். பாதியில விட்டுட்டு வந்தா இவருக்கு என்ன பதில் சொல்றது? நாளைக்கு ஒம்பது மணிக்கு வேற ஊரு. இன்னும் ரெண்டு கை இருந்தா ரெண்டு மணிக்கு இத முடிச்சுட்டு ஒங்க வயலுக்கு வரலாம். ஆளுக்கு எங்க போறது?"

அவள் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை யோசித்திருப்பேன். செருப்பை வரப்பில் விட்டுவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரோ ஒருவர் வயலில் இறங்கினேன். ஒருத்தி தன் தலைத் துண்டை அவிழ்த்து எனக்குக் கட்டிவிட்டாள். சிறு வயதில் லீவு நாட்களில் அம்மாவோடு நட்டிருக்கிறேன். கை மறக்கவில்லை, இடுப்புதான் சுத்தமாக மறந்துவிட்டது. அவர்கள் என்னைக் கடந்து கடந்து போனார்கள். போகிற போக்கில், "டீச்சர், இது கொஞ்சம் தள்ளிப் போச்சு", "அங்க நாத்து நாலா இருக்கு, மூணு போதும்" என்று ஒவ்வொருத்தியும் என் குரலிலேயே சொல்லிவிட்டுப் போனாள். நன்றாக வேண்டும் எனக்கு.

பன்னிரண்டு மணி வாக்கில் அந்த வயல்காரர் வந்தார். சேறும் தலைத்துண்டுமாக இருந்த என்னைப் பார்த்து, "யாரு, புது ஆளா?" என்றார்.

"எங்க தெருப் பொண்ணுங்க" என்றாள் தோழி.

"வளஞ்சு வளஞ்சு போவுது. நேரா நடச் சொல்லு."

"சொல்றேங்க" என்றாள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். அவர் தலை மறைந்ததும் பன்னிரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கொக்குகள் எழுந்து பறந்தன. எனக்குச் சிரிப்பைவிட வேறு ஒன்று நெஞ்சில் நின்றது. அறுபது வயதில் என்னைத் தெருப் பொண்ணு என்கிறாள். நல்லாசிரியர் விருது என்று ஒன்று வாங்கி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். அதை வாங்கிய அன்றுகூட இந்த அளவுக்கு நிமிர்ந்து நின்றதில்லை. அதாவது மனத்தில் நிமிர்ந்தேன். இடுப்பு நிமிரவே மறுத்தது.

இரண்டே காலுக்கு அந்த வயல் முடிந்தது. என்னால் கால் மணி நேரம் தாமதம் என்று எல்லாரும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். நேராக என் வயலுக்கு வந்து இருட்டும்வரை நட்டார்கள். மீதியை மறுநாள் விடிந்ததும் வந்து, வேறு ஊருக்குப் போகும் முன்னால் முடித்துக் கொடுத்தார்கள். இப்போதுதான் தட்டு நீட்டும் வேளை. என்னிடமோ ஒரு வெற்றிலைகூட இல்லை. நான் விழிப்பதைப் பார்த்து, "அதான் முன்கூட்டியே குடுத்துட்டீங்களே" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டார்கள்.

கதை இதோடு முடிந்திருக்கலாம். பத்துப் பதினைந்து நாளில் என் வயல் பச்சை கட்டியது. தினமும் போய்ப் பார்த்தேன். ஆனால் என் மனத்தில் வேறு ஓர் அரிப்பு. கும்பகோணம் சாலையில் இருந்த அந்த வயலில் நான் நட்ட பத்தி என்ன ஆயிற்று? வெளியே சொல்ல வெட்கம். குடவாசலில் உளுந்து வாங்க வேண்டும் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அங்கே போய்த் தேடவே வேண்டியிருக்கவில்லை. நேரான வரிசைகளுக்கு நடுவே குடிகாரன் நடந்ததுபோல ஒரு பத்தி. ஆனால் பிடித்திருந்தது! ஒரு குத்துக்கூட மிதக்கவில்லை. கருகருவென்று பச்சை. வேறு ஒருவர் வயல், வேறு ஒருவர் நெல், அதில் ஒரு மணி எனக்கு வராது. ஆனாலும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போல இருந்தது.

வீடு திரும்பும் வழியில்தான் அந்தப் பன்னிரண்டு பேரும் நினைவுக்கு வந்தார்கள். ஆவணியிலிருந்து கார்த்திகைவரை ஊர் ஊராக நடுகிறார்கள். முன்பெல்லாம் நட்டவர்களே அறுக்கவும் வருவார்கள். இப்போது அறுவடைக்கு இயந்திரம் வந்துவிட்டது. நல்லதுதான், என் அம்மாவின் முதுகுக்கு அது முன்பே வந்திருக்கலாம். ஆனால் நட்டவர்கள் திரும்ப அந்த வயலுக்கு வர ஒரு காரணமும் இல்லாமல் போயிற்று. தாங்கள் நட்டது பிடித்ததா, பழுத்ததா, கதிர் வாங்கியதா என்று அவர்களுக்கு யார் சொல்கிறார்கள்? நான் சொன்னேனா? தட்டில் ஜாக்கெட் துணி வைக்கத் தெரிந்த எனக்கு இது தோன்றவே இல்லையே.

வண்டியை நேராக எங்கள் தெருவுக்கு விட்டேன். குழாயடியில் தோழியும் நாலைந்து பேரும் நின்றிருந்தார்கள். வண்டியிலிருந்து இறங்காமலே சொன்னேன். "வயலு பச்ச கட்டிருச்சு. வடக்கு மூலையில ரெண்டு மூணு குத்து மெதந்துபோச்சு, மத்ததெல்லாம் நல்லாப் புடிச்சிருக்கு."

"வடக்கு மூலையா? அது இவ நட்டது!" என்றாள் ஒருத்தி.

"நான் வாய்க்கா ஓரமில்ல நட்டேன்? சும்மா சொல்லாத!" என்றாள் இன்னொருத்தி. குடங்கள் நிரம்பி வழிந்தன, யாரும் கவனிக்கவில்லை. சண்டை தீராமல், அந்த ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேரும் நேரில் வந்துவிட்டார்கள். வரப்பில் வரிசையாக நின்று, இது என் கை, அது உன் கை என்று அடையாளம் சொன்னார்கள். எனக்கு எல்லாம் ஒரே பச்சையாகத் தெரிந்தது. அவர்களுக்கு ஒவ்வொரு பத்தியும் ஒரு முகம். மிதந்த குத்துகளைத் தோழி தானே இறங்கி ஊன்றிவிட்டாள்.

அன்றிலிருந்து எனக்கு இது தினப்படி வேலையாகிவிட்டது. சாயங்காலம் வயலைப் பார்த்துவிட்டு வரும்போது குழாயடியில் வண்டியை நிறுத்தி அன்றைய சேதியைச் சொல்வேன். குத்து பருத்துத் தூர் கட்டுகிறது, களை எடுத்தாகிவிட்டது, இலையில் புழு தெரிகிறது. நல்லது மட்டும் என்று இல்லை, கெட்டதையும் சொல்வேன். "இன்னும் ரெண்டு நாள் பொறுத்து உரம் போடுங்க" என்று அவர்கள் பதில் சொல்வார்கள். நான் கிளம்பும்போதெல்லாம் வீட்டுக்காரர், "மாநிலச் செய்திகள், வாசிப்பது என் சம்சாரம்" என்பார். சொல்லட்டும். நன்றி என்ற சொல்லை நான் அங்கே ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சொல்ல இடமே வரவில்லை.

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை அடித்தது. மூன்றாம் நாள் விடிகாலையில் குடையைப் பிடித்துக்கொண்டு நானும் வீட்டுக்காரரும் ஓடினோம். பயிர் உள்ளே கதிர் பிடித்துப் பொதி கட்டும் சமயம். தண்ணீர் இரண்டு நாள் தலைக்குமேல் நின்றால் அவ்வளவுதான், எல்லாம் அழுகிப்போகும். தூரத்திலிருந்து பார்த்தபோது வயல் தெரியவில்லை, ஏரிதான் தெரிந்தது. வழியெல்லாம் யாரைக் கூப்பிடலாம் என்றே யோசித்துக்கொண்டு போனேன். அந்த மழையில், எல்லார் வீட்டிலும் ஒழுகும்போது, யாரை வா என்று கேட்பது?

வடிகால் பக்கம் திரும்பியதும் நின்றுவிட்டேன். ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு கிடந்த வடிகாலில் தொடையளவு தண்ணீரில் என் தோழி நின்றிருந்தாள். பின்னால் ஏழெட்டுப் பேர். உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கொடியை அறுத்து அறுத்துக் கரையில் எறிந்தார்கள். இரண்டு பேர் மண்வெட்டியால் வரப்பைத் திறந்துவிட்டிருந்தார்கள். வயல் தண்ணீர் அந்த வழியாகப் பாய்ந்து வடிந்துகொண்டிருந்தது. பயிரின் நுனிகள் ஒவ்வொன்றாக வெளியே தெரிய ஆரம்பித்திருந்தன.

எதிர்க்கரையில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் குடையோடு நின்றிருந்தார். மழைச் சத்தத்தில் உரக்கக் கேட்டார். "ஏம்மா, இந்த மழையில இப்படி எறங்கி நிக்கிறீங்களே, யாரு வயலு இது?"

தோழி கையிலிருந்த கொடியைக் கரையில் எறிந்தாள். நான் வந்து நிற்பதை அவள் பார்க்கவில்லை.

"நாங்க நட்டதுங்க" என்றாள்.

என் பெயரை அவள் சொல்லவில்லை. பத்திரம் என் பெயரில், பட்டா என் பெயரில். கேட்டவருக்கு அதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பெருமைக்காரியான எனக்கு அது எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். கண்ணில் வழிந்தது மழை என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நம்பின மாதிரி இருந்துவிட்டு, குடையை வாங்கிக்கொண்டார். நான் வடிகாலில் இறங்கி அவள் பக்கத்தில் நின்று கொடியைப் பிடித்து இழுத்தேன்.